சங்கரி வாங்கிய பெரிய மானிட்டர்

சங்கரிக்குத் தமிழ் பேச வரும். எழுத மலையாளம்தான் வரும். அவள் பிறந்ததும் படித்ததும் மட்டாஞ்சேரியில். அப்பா முனியாண்டிக்குக் கொச்சி மாநகராட்சியில் கால்வாய்த் துப்புரவு வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், சண்டை என்றால் இரண்டும்.

பத்தாவது முடித்த கையோடு, தொண்ணூறுகளின் நடுவில், பஜார் ரோட்டில் நாணு சேட்டனின் போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கீழே சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கு, மேலே ஸ்டுடியோ. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் இரண்டு முறை தும்மிவிடுவார்கள். சங்கரிக்கு முதலில் கிடைத்தது பாஸ்போர்ட் படங்களை வெட்டி உறையில் போடுகிற வேலை. ஆனால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. யாராவது கேமரா முன்னால் உட்கார்ந்தால் ஓடிப்போய்ச் சட்டைக் காலரை நிமிர்த்திவிடுவாள். குழந்தைகளுக்குத் தலை சீவிவிடுவாள். ஒரு தடவை, கறார் பேர்வழி என்று பெயரெடுத்த வட்டாட்சியர் ஒருவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டாள்.

"இவ போட்டோ எடுக்கறதுக்கு முன்னாலேயே படத்தைச் சரி பண்ணிடறா, கேட்டோ," என்பார் நாணு. இளவயதில் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர். சங்கரியிடம் தமிழில்தான் பேசுவார்.

டிஜிட்டல் கேமரா வந்து, ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டரும் வந்தபோது, இந்தக் குணம்தான் அவளுக்குக் கை கொடுத்தது. பள்ளுருத்தியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குக் காலையில் பஸ் பிடித்துப் போய் போட்டோஷாப் கற்றுக்கொண்டாள். முகப்பரு போனது. சர்ச்சுக்குப் பின்னால் தொங்கிய மின்கம்பி போனது. மழையில் நடந்த கல்யாணத்துக்கு நீலவானம் வந்தது. ஆல்பம் சங்கரிதான் செய்யணும் என்று சொல்லிவிட்டு முன்பணம் கொடுக்கிற கல்யாண வீடுகள் பெருகின.

எல்லாம் சரி, மானிட்டர்தான் சின்னது. ஆல்பத்தில் இரண்டு பக்கத்தை விரித்தால் ஒரு தலையணை அகலம் வரும். அதை அந்தத் திரையில் முழுசாக வைத்தால் முகங்கள் கடுகாகிவிடும். பெரிதாக்கினால் ஒரு மூக்கு மட்டும் தெரியும். யார் மூக்கு என்று கண்டுபிடிக்கத் திரும்பவும் சின்னதாக்க வேண்டும். சாவித் துவாரம் வழியாகக் கல்யாணம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் நாணுவிடம் பலமுறை சொன்னாள். "பார்க்கலாம், பார்க்கலாம்," என்று அவர் நாளைக் கடத்தினார்.

இரண்டாயிரத்து ஆறில் பிந்துவின் கல்யாண ஆல்பம் வந்தது.

பிந்து பள்ளுருத்திப் பெண். குடும்பமாக நின்ற படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் அவருடைய நண்பர் ஒருவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவரை எடுத்துவிடச் சொன்னார் பிந்துவின் அம்மா ஷைலஜா. சங்கரியும் எடுத்துவிட்டாள். அவர் நின்ற இடத்தில் பந்தல் துணியை நீட்டி, மடிப்பெல்லாம் வைத்து, அங்கே ஒரு ஆள் நின்றதே தெரியாதபடி செய்தாள். ஆல்பம் அச்சாகி வீட்டுக்குப் போனது.

மறுநாள் ஷைலஜா ஆல்பத்தை மார்போடு அணைத்தபடி மாடியேறி வந்தார். பின்னாலேயே பிந்துவும் மாப்பிள்ளையும்.

"மோளே, இது ஆரோட கை?"

சங்கரி பார்த்தாள். மாப்பிள்ளையின் தோளில், மல்லிகை மாலைக்குப் பக்கத்தில், நான்கு விரல்கள். ஒரு விரலில் மோதிரம். கொட்டாவி விட்டவர் போய்விட்டார். நண்பன் தோளில் போட்ட கையை விட்டுவிட்டுப் போயிருந்தார். திரையில் சின்னதாகப் பார்த்தபோது அது மாலையின் ஒரு பகுதி போலிருந்தது. பெரிதாகப் பார்த்தபோது அவள் கவனம் பந்தல் துணியில்தான் இருந்தது.

"எங்க சித்தி இது பிரேதம், பேயோட கைன்னு சொல்லி அழறாங்க," என்றார் ஷைலஜா.

சங்கரிக்கு முகம் வெளிறிப்போனது. நாணு வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அன்னிக்கு எனக்கு நல்ல பேடி, பயம். தைரியம் சொல்ல ஒரு கை இருந்தது நல்லதுதான்," என்றார். பிந்துவும் சிரிக்க, ஷைலஜாவுக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்தை மாற்றித் தருவதாகப் பேசி, சாயா குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் படியிறங்கியதும் சங்கரி நாணுவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேட்டா, பெரிய மானிட்டர் வாங்கணும். இல்லேன்னா அடுத்த கல்யாணத்துல காலும் வரும்."

நாணு இம்முறை நாளைக் கடத்தவில்லை.

அந்த வாரமே இருவரும் படகேறி எர்ணாகுளம் போனார்கள். சங்கரி கையில் இரண்டு ஆல்பப் பக்கம் நிறையும் படம் ஒன்று பதிந்த சி.டி.யும், அதே படத்தின் அச்சுப் பிரதியும் இருந்தன. கசவு என்கிற சரிகைக் கரை போட்ட சேலை கட்டிய மணப்பெண் படம். வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் புதுவெண்ணெய் போலிருக்கும் அந்தச் சேலை நிறத்தைத் திரையில் சரியாகப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். வாங்கப்போகும் திரையில் அதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் எந்தத் திரை வேண்டும் என்று மனசுக்குள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். புதிதாக வந்திருந்த தட்டையான எல்.சி.டி. அதைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் சொல்லியும் ஆயிற்று.

மேனகா பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் விற்பனைக்கு நின்ற பையன் பெயர் அனீஷ். பலகை போல மெலிந்த கறுப்புத் திரைகளை வரிசையாகக் காட்டினான். சங்கரிக்கு அவற்றைத் தொட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இருப்பதில் பெரியதன் முன்னால் அவளை உட்காரவைத்து, சி.டி.யைப் போட்டான். மணப்பெண் வந்தாள். சங்கரி பிரதியைப் பக்கத்தில் பிடித்தாள்.

"சரியா இருக்கு சேட்டா. அதே வெண்ணெய்."

நாணு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். தென்னை மாதிரி உயரமானவர். "எங்கே சரியா இருக்கு? வெளுத்துப் போயிருக்கே," என்றார்.

"வெளுக்கல சேட்டா. நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பார்க்கறேன். சேலையில நீலம் போட்டு அலசின மாதிரி இருக்கு."

"உங்களுக்குக் கண் டெஸ்ட் பண்ணணும்."

"எனக்கா? முப்பது வருஷமா போட்டோ எடுக்கறேன்!"

குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அனீஷ்தான் சிரித்துக்கொண்டே இருவரையும் இடம் மாறச் சொன்னான். சங்கரி எழுந்து ஒரு முக்காலிமேல் ஏறி நின்றாள். நாணு நாற்காலியில் அமர்ந்து, முதுகை வளைத்துத் தாழ்ந்தார்.

"அய்யோ, இப்ப வெண்ணெய்!" என்றார் நாணு.

"எனக்கு வெளுத்துட்டுது!" என்றாள் முக்காலியிலிருந்த சங்கரி.

கடையே சிரித்தது. அனீஷ் எதையும் மறைக்கவில்லை. இந்த ரகத் திரையில் நேராகப் பார்த்தால் ஒரு நிறம், மேலிருந்து பார்த்தால் வேறு நிறம். கணக்கு எழுத, கடிதம் அடிக்க நல்லது. படத்துக்கென்றே வருகிற தட்டைத் திரைகள் உண்டு, அவை பெங்களூரிலிருந்து வர வேண்டும், விலை எட்டாது என்று பொறுமையாக விளக்கினான். பிறகு காதைச் சொறிந்துகொண்டு, "சேச்சீ, பின்னால ஒண்ணு உண்டு. பழையதாணு. பட்சே வலியதாணு, நல்ல பெரிசு," என்றான்.

கடையின் பின்னறையில் அது இருந்தது. இடம் மாறிப்போன ஒரு விளம்பரக் கம்பெனியிலிருந்து வந்த பெட்டி மானிட்டர். இருபத்தோரு அங்குலம். முன்பக்கம் அகலமென்றால் பின்பக்கம் அதைவிட நீளம். துணி போட்டு மூடியிருந்ததில் அது மானிட்டர் என்றே சங்கரி நினைக்கவில்லை. அனீஷ் துணியை எடுத்துச் சுவிட்சைப் போட்டான். மணப்பெண் வந்தாள். இரண்டு பக்க ஆல்பம் முழுதும் விரிந்தும், அவள் காதிலிருந்த ஜிமிக்கியின் மணிகள் தனித்தனியாகத் தெரிந்தன. சங்கரி உட்கார்ந்து பார்த்தாள், நின்று பார்த்தாள், கதவருகே போய் ஒருக்களித்துப் பார்த்தாள். நாணு அவள் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனார்.

"வெண்ணெய்?" என்றார்.

"வெண்ணெய்," என்றாள்.

ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முன்னறையில் அந்த மெலிந்த கறுப்புத் திரை அழகாக நின்றுகொண்டிருந்தது. இதைப் பார்த்தால் ஏதோ பழைய டி.வி.யை எடுத்து வந்ததாகத்தான் தெருவில் நினைப்பார்கள்.

நாணுவுக்கு அது புரிந்தது. "நாள் பூரா அது முன்னால உட்காரப்போறது நீ. நான் ஒண்ணும் சொல்லல. உனக்கு எது வேணும் மோளே?"

சங்கரி ஒருமுறை முன்னறையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அதுல வேலை செஞ்சா நான் கழுத்தை அசைக்கக் கூடாது சேட்டா. இந்தக் குண்டனையே எடுத்துக்கலாம்," என்றாள்.

குண்டனைப் படகில் ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நடுவில் வைத்த பெட்டியைச் சுற்றிப் பயணிகள் கால் மடக்கி உட்கார்ந்தார்கள். டி.வி.யா, வாஷிங் மெஷினா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் சங்கரி தன் துப்பட்டாவை எடுத்து அதன்மேல் போட்டாள். தான் நனைந்ததைக் கவனிக்கவில்லை.

படகுத்துறையிலிருந்து ஸ்டுடியோ வரை தள்ளுவண்டியில் வந்தாயிற்று. மாடிப்படிதான் வழிவிடவில்லை. முதல் திருப்பத்திலேயே பெட்டி சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நாணு அதற்கு மேற்பக்கம், சங்கரி கீழ்ப்பக்கம்.

சத்தம் கேட்டுக் கிடங்கிலிருந்து முகமது இஸ்மாயில் வந்தார். அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்கு மூப்பன் அவர். தென்காசிக்காரர். பெட்டியைப் பார்த்தார், படியைப் பார்த்தார்.

"இது மனுசன் ஏறுற படி. மூட்டை ஏறுற வழி வேற இருக்குல்லா," என்றார்.

அந்தக் கட்டடத்தின் முகப்பில், மாடி ஜன்னலுக்கு மேல், மூட்டைகளை மேலே இழுக்கும் கப்பி ஒன்று இருந்தது. இஸ்மாயிலும் ஆட்களும் பெட்டியைப் படியிலிருந்து விடுவித்து, தெருவுக்குக் கொண்டுவந்து, சாக்கு சுற்றிக் கயிறு கட்டினார்கள். சங்கரி மாடி ஜன்னலுக்கு ஓடினாள். நாணு கேமராவோடு தெருவில் நின்றார். லாரியும் ஆட்டோக்களும் நின்றுவிட்டன.

"மெதுவா அண்ணே! உள்ள கண்ணாடி!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் சங்கரி.

"கப்பல்ல இருந்து கண்ணாடிச் சாடி எறக்கின கை இது தங்கச்சி. நீ மட்டும் கையை நீட்டாத!"

ஐலசா பாடிக்கொண்டு அவர்கள் இழுக்க, குண்டன் தெருவுக்கு மேலே லேசாகச் சுற்றியபடி ஏறி வந்தது. உள்ளே இருந்த இருவர் அதைப் பிடித்து மேஜையில் இறக்கினார்கள். மேஜை ஒருமுறை முனகியது.

எல்லோருக்கும் சாயா வந்தது. புது மானிட்டரில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேள்வி வந்ததும் நாணு கேமராவை நீட்டினார். சற்றுமுன் எடுத்த படம்: நடு ஆகாயத்தில் பெட்டி, கீழே கயிற்றை இழுக்கும் ஆட்கள், ஜன்னலில் வாய் திறந்தபடி சங்கரி. இஸ்மாயிலின் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

"எலே, எல்லாரும் நல்லாயிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் கத்திரிக்காய் நிறம்?" என்றார் இஸ்மாயில்.

உண்மைதான். திரையின் இடது மூலையில் ஊதாப் படலம் ஒன்று பரவியிருந்தது. சங்கரி வேறு படம் போட்டாள்; ஊதா அங்கேயேதான் இருந்தது. இத்தனை பேரைப் பாடுபடுத்தி, அழகான திரையை விட்டுவிட்டு, இதற்கா? கடைக்குப் போன் போட்டாள். அனீஷ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்பீக்கர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

இருந்தது. நாணு பாட்டுக் கேட்கிற பெரிய ஸ்பீக்கர், மானிட்டரின் இடது தோளை ஒட்டி. அதிலிருக்கும் காந்தம்தான் நிறத்தை இழுக்கிறது. அதை நகர்த்திவிட்டு மானிட்டரின் மெனுவில் இன்ன இடத்தை அமுக்குங்கள் என்றான். நாணு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அறையின் மறுமூலைக்குப் போனார். சங்கரி அமுக்கினாள். 'டொங்' என்று ஒரு சத்தம், படம் முழுதும் அலை போல நடுங்கியது, ஊதா போய்விட்டது. இஸ்மாயில் தன் நிறத்துக்கு வந்தார். ஆட்கள் கை தட்டினார்கள். அந்த டொங்கைக் கேட்பதற்காகவே இன்னும் இரண்டு முறை அமுக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஸ்டுடியோவின் வழக்கமே மாறியது. முன்பெல்லாம் படம் தேர்ந்தெடுக்க ஒருவர் வந்து, சங்கரியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். இப்போது கல்யாண வீட்டார் குடும்பத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று சத்தம் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நிறம் தெரிந்தது.

முனியாண்டி அதுவரை அந்த மாடிப்படி ஏறியதே இல்லை. வேலை உடுப்போடு அங்கே வருவது மகளுக்குக் கௌரவக் குறைவு என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்களோடு நாணு எடுத்த படத்தைச் சரிசெய்ய உட்கார்ந்த சங்கரி, வற்புறுத்தி அவரை அழைத்து வந்தாள். பெஞ்சு நுனியில் உட்கார்ந்தவர், திரையைப் பார்த்ததும் எழுந்து கிட்டே போனார்.

"நம்ம பிச்சையைப் பாரு, நின்னுக்கிட்டே தூங்கறான்."

"கண்ணைத் திறந்துடலாம்ப்பா," என்று வேறொரு படத்திலிருந்து பிச்சையின் கண்களை எடுத்து வைத்தாள் சங்கரி. முனியாண்டி திகைத்துப்போனார். கூட நின்ற மூக்கம்மாளின் முந்தானையைச் சரிசெய்யச் சொன்னார். பின்னால் தெரிந்த குப்பை லாரியை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார். அது ஓடிய ஓட்டம் தனக்குத்தான் தெரியும் என்றார். பிறகு மகளின் கை மௌசில் நகர்வதைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா தெனமும் நேரம் கழிச்சு வர்றே?"

"ஆமாப்பா."

"நல்ல வேலை," என்றார். குரலைத் தாழ்த்தி, நாணுவுக்குக் கேட்காதபடி, "ஏம்மா, எனக்குக் கொஞ்சம் முடி வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

சங்கரி வைத்தாள். நெற்றிக்கு மேல் அளவாக, இரண்டு காதோரமும் நரை கலந்து. முனியாண்டி திரையில் தன்னையே பார்த்து வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். பார்க்க வந்த பிச்சை, தன் கண் திறந்திருப்பதைக் கவனிக்கவே இல்லை. "முனியாண்டி, நீ எங்கப்பா? உன்னக் காணோமே இதுல?" என்று கேட்டான்.