ஏர் ஃபில்டர் மூடியில் எழுதியது

"தம்பி, இந்த வேலைக்கு நீங்க எங்க படிச்சீங்க?"

கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட காரிலிருந்து இறங்கி அந்த டீச்சர் கேட்டது இவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"பி.எஸ்சி. ஃபிசிக்ஸ், மேடம்."

"அது இல்ல. இந்த வேலைக்கு."

சான்றிதழ் ஒன்று வாங்க வேண்டும் என்று தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

திண்டிவனத்தில், புதுச்சேரி சாலை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பட்டறை. எங்கள் என்பது பேச்சுக்கு. என் அக்காவின் கணவருடையது. கல்லூரி முடித்த கையோடு, "வேலை கிடைக்கிற வரைக்கும் கூடமாட இரு மச்சான்" என்றார். நான்கு வருடம் ஆகிறது. அவர் வீட்டில் சாப்பிடுகிறேன், அவர் வீட்டு மாடியில் தூங்குகிறேன், அவர் பட்டறையில் வேலை செய்கிறேன்.

டீச்சரின் கார் மூன்று வருடமாக என் கையில்தான் சர்வீஸ் ஆகிறது. அன்று காலை, மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கொண்டுவந்தார். பின் சீட்டில் அவருடைய அம்மா. கண் டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரி போக வேண்டும், அவசரம். ஏற்கெனவே மூன்று வண்டிகள் வரிசையில் நின்றன. மினி லாரிக்கு அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது:

"டெர்மினல கழட்டி மாட்டுடா, ஜல்தி!"

பேட்டரி ஒயரைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டுத் திரும்ப மாட்டினால் அந்த விளக்கு அணைந்துவிடும். கோளாறு போகாது. கோளாறு இருந்ததை வண்டி மறந்துவிடும், அவ்வளவுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். கோளாறு என்னவென்று படித்துச் சொல்லும் ஸ்கேனர் மேசை டிராயரில் இருந்தது. எங்கள் பட்டறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் டிராயரைத் திறக்கவில்லை. ஸ்பேனரை எடுத்தேன், கழற்றினேன், மாட்டினேன். விளக்கு அணைந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியைக் கையிலிருந்து விடும்முன், ஏர் ஃபில்டர் மூடியின் உட்பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும் செய்த வேலையும் மார்க்கரில் எழுதி, கீழே என் பெயரின் முதல் எழுத்தைப் போடுவேன். "இன்னாடா, கல்வெட்டு வெட்டுறியா?" என்று மாமா கிண்டல் செய்வார். அன்றும் எழுதினேன். 'விளக்கு, ஓகே.'

கிளியனூரைத் தாண்டியதும் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. வெயிலில், அந்த அம்மாவோடு.

இழுத்துவந்த பிறகு ஸ்கேனரை மாட்டினால் திரை காலி. சாட்சியை நானே அழித்திருந்தேன். எஞ்சின் சூடானால் செத்துப்போகும் ஒரு சென்சார்தான் காரணம் என்று கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆனது. காலையில் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

அதன்பின் டீச்சர் எங்கள் பட்டறைக்கு வரவே இல்லை.

சான்றிதழ் என்றால் சுவரில் மாட்டும் படம் என்று நானும் நினைத்திருந்தவன்தான். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. இந்தப் பட்டறைக்கு வந்த கோளாறுகள் மட்டுமே எனக்குத் தெரியும். வராதவை எத்தனை என்றுகூடத் தெரியாது. நான் நன்றாகச் செய்தால் வீட்டுப் பிள்ளை செய்தது, தப்பாகச் செய்தாலும் வீட்டுப் பிள்ளை செய்தது. எனக்கு உறவில்லாத ஒருவர் எதிரில் நின்று, "இதைப் பிரி, இது ஏன் இப்படி, சொல்" என்று கேட்க வேண்டும். தேறினால் தேறினேன், இல்லாவிட்டால் இல்லை. ஆசை அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் அப்படித் தேர்வு வைக்கும் பயிற்சி மையம் ஒன்றைக் கண்டுபிடித்து, மறுவாரமே பஸ் ஏறினேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா, நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"முன் அனுபவம் நாலு வருஷம்னு போட்டிருக்கீங்க. ஓனர் கையெழுத்து எங்க? சம்பளச் சீட்டு, அட்டெண்டென்ஸ், ஏதாச்சும் இருக்குதா?"

"சொந்த மாமா கடைங்க. வீட்டு ஆளு நானு."

"அப்ப பேப்பர்ல நீங்க நாலு வருஷமா சும்மா இருக்கீங்க தம்பி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாதக் கடைசிக்குள் கொண்டுவந்தால் இந்த முறை எழுதலாம் என்றார்.

அன்று மத்தியானமே மாமாவிடம் படிவத்தை நீட்டினேன். கையைத் துடைத்தாரே தவிர, வாங்கவில்லை.

"பேப்பரு ஸ்பேனர் புடிக்குமாடா?"

"ஒரே ஒரு கையெழுத்து மாமா."

"இன்னைக்கு கையெழுத்து. நாளைக்கு நீ விழுப்புரம் ஷோரூம்ல யூனிஃபார்ம் போட்டுக்கினு நிப்ப. நான் இங்க அந்த டப்பாவ வெச்சிக்கினு இன்னா பண்றது? எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியுமா?"

டப்பா என்றது ஸ்கேனரை. அவர் குரலில் கோபம் குறைவு, பயம்தான் அதிகம். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நான் வேலைக்கு ஆகாதவனாக இருந்திருந்தால் என்றைக்கோ போகச் சொல்லியிருப்பார்.

அக்கா சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைய பேஜாரு பண்ணாதீங்க. நீ போனா அவரு ஒடிஞ்சிடுவாரு. நீ இருந்தா நீ ஒடிஞ்சிடுவ. நான் யாருக்குன்னு பேசுவேன்?"

மறுநாளும் அதே ஷட்டரைத் தூக்கினேன். பெருமுக்கல்லிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் வண்டி ஒன்று வந்து நின்றது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளே என் எழுத்து. போன வருடத்துத் தேதி, அதற்கு முந்தைய வருடத்துத் தேதி, செய்த வேலை, முதலெழுத்து. ஆளைப் பிடித்து உலுக்கியதுபோல் இருந்தது. கை கழுவாமலே மையத்துக்கு போன் செய்தேன்.

"வண்டிக்குள்ள நான் எழுதினது இருக்குதுங்க, போட்டோ எடுத்தா ஒத்துக்குவீங்களா?"

"வண்டிக்காரங்க லெட்டரும் சேர்த்துக் கொண்டாங்க. மூணு வண்டியாவது வேணும். பார்க்கலாம்."

மல்லாட்டை வண்டிக்காரர் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ஓமந்தூர் டாக்சிக்காரர் இரண்டாவது. மற்ற பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லாம் மாமாவின் சேக்காளிகள். அவருக்குத் தெரியாமல் எழுதித் தர மாட்டார்கள். மூன்று வருடத்து வரிகளும் ஒரே மூடியில் இருப்பது டீச்சரின் காரில். அதன் கடைசி வரி 'விளக்கு, ஓகே'. அதை மட்டும் விட்டுவிட்டுப் படம் எடுக்க முடியாது. விடவும் கூடாது.

டீச்சர் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார். நாளை மாமாவிடம் போகுமிடத்தைச் சொல்லிவிட்டே பஸ் ஏறப்போகிறேன். பள்ளி விடும் நேரத்தில் அவர் கார் பக்கத்தில் நின்று, முதலில் டெர்மினலைக் கழற்றிய கதையைச் சொல்ல வேண்டும். அதன்பிறகும் பானெட்டைத் திறக்கச் சம்மதித்தால், கடிதம் கேட்பேன்.