பெருவிரலில் ஒட்டும் வெள்ளை

பிள்ளைகளே, போன கிழமை கோயில் வாசலில் மாமா கூப்பிட்டும் நான் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று வீடு வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். உங்கள் அம்மா, "பெரியவங்க விஷயம், பேசாம வாங்க" என்று அடக்கிவிட்டாள். அது பெரியவர்கள் விஷயம் மட்டும் இல்லை. அதில் உங்கள் பெயரையும் இழுத்தார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நாட்டில் காகிதம் இல்லாமல் போன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் தவணைப் பரீட்சையே தள்ளிப் போனது. கொப்பி விலையைக் கேட்டு அம்மா கடையில் இருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அப்போதுதான் நானும் மாமாவும் பலாபத்வலையில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் மட்டை செய்யத் தொடங்கினோம். பிரஸ்காரர்கள் பெட்டியும் கொப்பி உறையும் அடிக்கிற மட்டை. ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறு பக்கம் வெள்ளைப் பூச்சு.

மாமாவிடம் ஒரு கைரோலர் இருந்தது. யட்டவத்தைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற இடம் ஒன்றை மூடியபோது அவர் வாங்கிப் போட்டது. பழைய பேப்பரை ஊறவைத்து, அரைத்து, வலைச் சட்டத்தில் அள்ளித் துணிமேல் கவிழ்த்து, அந்த ரோலரில் கொடுத்தால் தண்ணீர் வடிந்து மட்டையாக வரும். ரோலரும் வாங்குவதும் விற்பதும் மாமா பாடு. பூச்சு என் பாடு.

அந்தப் பூச்சுதான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம். கோப்பை செய்கிற வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து, மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி அதில் ஊற்றி, கொஞ்சம் ரப்பர் பால் சேர்ப்பேன். கஞ்சி கூடினால் மட்டை ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளுப்பாக இருக்கும், ஆனால் மடித்த இடத்தில் வெடித்துவிடும். பால் கூடினால் எப்படி மடித்தாலும் வெடிக்காது, ஆனால் மஞ்சளாகும், மை காயாது, நாற்றமும் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைப் பிடிக்க நான் பட்ட பாடு உங்கள் அம்மாவுக்குத் தெரியும். சோற்றுப் பானையைக்கூட நான் விட்டு வைக்கவில்லை.

தட்டுப்பாட்டின்போது மாத்தளை டவுனில் இருக்கிற பிரஸ் முதலாளி தன் காரிலேயே நம் வீட்டுக்கு வருவார். ஸ்பைஸ் கார்டன்களுக்கு எண்ணெய்ப் பெட்டி அடித்துக் கொடுக்கிறவர். ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "தம்பி, காயலைன்னாலும் பரவால்ல. நான் கொண்டுபோய் ஃபேன் போட்டுக் காய வச்சுக்கிறேன். வேற யாருக்கும் குடுத்துறாதீங்க" என்பார். அம்மா கொடுத்த பிளேன் டீயை நின்றுகொண்டே குடிப்பார்.

பிறகு கப்பல் வந்தது. வெளிநாட்டு மட்டை வந்தது. எங்களிடம் வாங்கிய பிரஸ்கள் ஒன்றொன்றாக நின்றன. இவர் மட்டும் விலை குறைவு என்பதற்காக நிற்காமல் வாங்கினார். அந்த ஒரு பிரஸ்ஸும் கைவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்த நாளில் இருந்து அவர் பேச்சு மாறியது. செருப்புக் கழற்றிய மனிதர், எங்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தார்.

அப்போது தொடங்கியதுதான் அந்தப் பெருவிரல்.

மட்டைக் கட்டை இறக்கி வைத்ததும் மேலே இருக்கிற ஒரு தாளை உருவுவார். வெற்றிலை போட்ட வாயில் பெருவிரலை நனைத்து வெள்ளைப் பக்கத்தில் வைத்து அழுத்தி ஒரு திருகு திருகி எடுப்பார். பூச்சு சரியாகப் பிடித்திருந்தால் விரலில் ஒன்றும் வராது. பிடிக்காவிட்டால் வெள்ளை ஒட்டும். பிரஸ்காரர்கள் செய்கிற சோதனைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் அதைச் செய்த விதம் இருக்கிறதே. விரலைத் தூக்கி, கடையில் நிற்கிற ஆட்களுக்கெல்லாம் காட்டுவார். மட்டையில் சிவப்பாக ஒரு எச்சில் தடம் இருக்கும். நான் சோறு மாதிரி பார்த்துச் செய்த சாமான்.

"பாத்தீங்களா? இனி யாரும் பவுடர் வாங்க வேண்டியதில்ல. இவங்க மட்டையத் தொட்டாப் போதும்" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள்.

மட்டையை முகர்ந்து பார்த்து, "என்ன தம்பி, தோட்டத்துப் புளிச்ச பால் வாடை. ஷெட்ல ஆடு கட்டியிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டார்.

ஒரு முறை எனக்குப் பொறுக்கவில்லை. "பெட்டிய யாரும் நக்கிப் பாக்கமாட்டாங்க மொதலாளி" என்றேன்.

"எண்ணெய்ப் போத்தல் வைக்கிற பெட்டி தம்பி. போத்தல் கசிஞ்சா ஒங்க மட்டை கஞ்சியாப் போயிரும். அப்ப நக்கலாம்" என்றார். அதோடு விடவில்லை. "அடுத்த லோட்ல என் வெரல்ல வெள்ளை ஒட்டினா, எறக்காதீங்க. அப்படியே திருப்பிக் கொண்டு போங்க."

திரும்பி வரும்போது லொறியில் மாமா என்னைத்தான் ஏசினார். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒனக்கு என்ன மச்சான் அங்க வாய்? விக்கிறவன் நான். நீ பேசாம நிக்கிறதா இருந்தா வா, இல்லன்னா வீட்ல கெட."

"எச்சில் துப்புறத பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"துப்பட்டும். வாங்குறவன் துப்புவான். ஒன் மட்டை வெள்ளை விடுதா இல்லையா? அதச் சொல்லு."

எனக்கு அவகாசம் வேண்டும் என்றேன். கஞ்சியை இன்னும் நிதானமாகக் காய்ச்ச வேண்டும், பூசியதை நிழலில் கூடுதலாகப் போட்டு வைக்க வேண்டும் என்றேன். மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அந்தக் கிழமைதான் வீட்டில் மெழுகுதிரி காணாமல் போனது. கரண்ட் வெட்டிய காலத்தில் இருந்து அம்மா அலுமாரிக்குக் கீழே பெட்டியோடு வைத்திருந்தது. கமுகு மட்டையில் சறுக்கி விளையாட நீங்கள்தான் எடுத்துத் தேய்த்தீர்கள் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பெரியவள் அழுதாள். சின்னவன், "சாமி மேல சத்தியமா இல்ல" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனான். நானும், "எடுத்திருந்தா சொல்லிருங்க, அடிக்கமாட்டேன்" என்றேன். எனக்கும் அப்போது தெரியாது.

புதிய லோட் போனது. முதலாளி கட்டைப் பிரித்து மேல் தாளை உருவினார். விரலை நனைத்தார், அழுத்தினார், திருகினார். எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சுத்தமான விரல். அடுத்த கட்டில் வைத்துப் பார்த்தார். அதிலும் இல்லை. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆ. இப்பத்தான் இது மட்டை" என்றார்.

எங்களுக்குக் கதிரை போடச் சொல்லி டீ வரவழைத்தார். பிள்ளைகளே, அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. நிதானமாகக் காய்ச்சிய என் கஞ்சிதான் அந்த விரலைச் சுத்தமாக்கியது என்று நினைத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டு, "மச்சான்ட கை ராசி மொதலாளி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அந்த முகத்தைத்தான் நான் மன்னிக்கவில்லை என்று கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது, இரண்டு பேரும் உடனே வரச் சொல்லி.

போனபோது மெஷின் நின்றிருந்தது. மெஷின் ஓட்டுகிற பாஸ் மண்ணெண்ணெய்த் துணியால் மெஷின் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். மேசையில் அச்சடித்த எங்கள் மட்டை கிடந்தது. மை மட்டையில் பிடிக்காமல் வியர்வை மாதிரி துளித்துளியாக நின்றது. கை பட்ட இடமெல்லாம் இழுபட்டிருந்தது.

முதலாளி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மேல் தாளில் ஊற்றினார். சேம்பு இலையில் ஊற்றியது போல் தண்ணீர் உருண்டு ஓடியது. பிறகு கட்டின் நடுவில் இருந்து ஒரு தாளை உருவி, விரலை நனைத்து அழுத்தி எடுத்தார். விரலில் வெள்ளை.

"மேல மெழுகு. உள்ள அதே சுண்ணாம்பு" என்றார். "என் வெரலுக்கே பூச்சு போட்டிருக்கீங்க. எந்தக் கள்ளன் செஞ்சது?"

மாமாவைப் பார்த்தேன். அவர் முதலாளியைப் பார்த்துக்கொண்டு, "பூச்செல்லாம் இவர்ட வேல மொதலாளி. கட்டிக் கொண்டாறது மட்டுந்தான் நான்" என்றார்.

நேற்று கை ராசி என்ற அதே வாய்.

"எங்க வீட்டு மெழுகுதிரி எங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? ஒம் புள்ளைகளக் கேளு. அதுகதானே அலுமாரியக் கிண்டுறது."

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். மெழுகு தேய்த்ததைக்கூட விடலாம். என்னைக் கள்ளன் ஆக்கியதையும் ஒரு காலத்தில் விட்டுவிடுவேனோ என்னவோ. நீங்கள் அலுமாரியைக் கிண்டுகிறீர்கள் என்று, உங்களைத் தெரியாத மனிதர்கள் நிற்கிற இடத்தில் சொன்னாரே, அதற்காகத்தான் கோயில் வாசலில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை.

முதலாளிக்கு எங்கள் சண்டை தேவையில்லை. "ரெண்டு பேரும் வெளியில போய் அடிச்சுக்கங்க" என்றார். "மட்டையைத் தூக்குங்க. லக்கலையில யானை வேலிக்கு வச்சுக் கட்டுங்க. யானைக்கு வாசிக்கத் தெரியாது. இனி இந்தப் படி ஏறாதீங்க."

கட்டுகளைத் தூக்கி லொறியில் போட்டோம். யாரும் கை கொடுக்கவில்லை. டவுனைத் தாண்டியதும் மாமாதான் தொடங்கினார்.

"ஒன்னக் காப்பாத்தத்தான் தேச்சேன்."

"அப்ப அத அங்க சொல்லியிருக்கணும்."

"சொல்லி? ரெண்டு பேரும் சேந்து சாகணுமா? ஒருத்தனாவது அந்தாளோட நல்லா இருந்தாத்தானே பொறகு போய்ப் பேசலாம்."

"புள்ளைகள ஏன் இழுத்த?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னது. நீ வெள்ளை விடாத மட்டை செஞ்சிருந்தா நான் ஏன்டா மெழுகு தேய்க்கப் போறேன்?"

லொறியை நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. மேட்டில் வேகம் குறைந்தபோது கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். நடந்து வீடு வந்து சேரும்போது அவர் கட்டுகளை நம் வாசலில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் இரண்டு ஆட்களோடு ரோலரைக் கழற்ற வந்தார். உங்கள் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, புள்ளைக எடுக்கலன்னு ஒனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும், தெரியும். பெரிசு பண்ணாத."

அவள் தன் கூடப்பிறந்த அண்ணனுக்கு அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் ஒருநாளாவது அந்த வெரல வச்சுப் பாத்திருக்கலாம்" என்றாள். "மொதலாளி வைக்க முந்தி நீங்க வச்சிருந்தா, வெள்ளை வருதா இல்லையான்னு நமக்கே தெரிஞ்சிருக்கும்."

"என் சாமான்ல நானே எச்சில் துப்பணுமா?" என்று கத்தினேன். அவள் உள்ளே போனாள். அன்றைக்கு அவளோடும் பேசவில்லை.

இப்போது ரோலர் மாமா வீட்டு முற்றத்தில் இருக்கிறது. அதில் கம்பளி பிழிகிறார்கள். ரோட்டில் போகும்போது தெரியும். பூச்சு காய்ச்சிய பீப்பா நம்மிடம் இருக்கிறது. ரோலர் இல்லாமல் பூச்சு உதவாது, பூச்சு இல்லாமல் ரோலரால் கம்பளிதான் பிழியலாம். நான் டவுனில் மிளகுக் கடையில் சாக்குக் கட்டுகிறேன். பிரஸ் முதலாளி இரண்டு தடவை கடைப் பக்கம் வந்தார். என்னை அடையாளம் தெரியாதது போல் விலை கேட்டார். நானும் விலையை மட்டும் சொன்னேன்.

இதுவரைக்கும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். இனிச் சொல்வது அவளுக்கும் தெரியாது.

கோயிலில் இருந்து வந்த மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள், அவள் சந்தைக்குப் போனாள். எனக்கு லீவு. ஷெட்டைத் திறந்தேன். அன்று திரும்பி வந்த கட்டுகள் கயிறு போட்டபடியே இருந்தன. ஒன்றை அவிழ்த்து, மெழுகு படாத தாளாகப் பார்த்து நடுவில் இருந்து உருவினேன். முதலில் மடித்துப் பார்த்தேன். வெடிக்கவில்லை. ஓரம் மட்டும் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது.

பிறகு பெருவிரலை நாக்கில் நனைத்து, வெள்ளைப் பக்கத்தில் வைத்து, அவர் அழுத்துகிற மாதிரி அழுத்தி, அவர் திருகுகிற மாதிரி ஒரு திருகு திருகி எடுத்தேன்.

வெள்ளை வந்தது. நிறைய இல்லை, ஆனால் வந்தது.

விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தேன். அந்தத் தாளை எடுத்த இடத்திலேயே, நடுவிலேயே செருகி, கயிற்றை முன்பு இருந்தபடி இறுக்கிக் கட்டினேன்.