மேளத்துக்கு முன்னால் ஒரு குரல்

போன கோடையில் எங்கள் புதுச்சேரியில் ஒரு பாட்டிலிருந்து யாருக்கும் தப்பிக்க வழியில்லை. ஆட்டோவில் அது, கல்யாண மண்டபத்தில் அது, கடற்கரைச் சாலையில் ஆடும் பிள்ளைகளின் ஸ்பீக்கரில் அது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவனும் அவனுடைய பிரெஞ்சு நண்பனும் கம்ப்யூட்டரிலேயே போட்ட டான்ஸ் பாட்டு என்று என் மகன் சொன்னான். எனக்கு அது வெறும் டமடம சத்தம்தான். ஆனால் நடுவில் ஓர் இடத்தில் எல்லாச் சத்தமும் நின்று, ஒரு குரல் மட்டும் வரும்.

“காலாப்பட்டு, காலாப்பட்டேய்! பொறுமையா ஏறு, வண்டி ஓடிடாது!”

உடனே ஒரு விசில். அப்புறம் மேளம் இடி மாதிரி விழுந்து குரலை மூடிவிடும்.

முதல் தடவை கேட்டபோதே அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். ஸ்கூட்டி வாங்குவதற்கு முன்பு தினமும் நான் காலாப்பட்டு ஆபீசுக்குப் போன தனியார் பஸ்ஸின் கண்டக்டர் குரல் அது. வண்டி உருளத் தொடங்கிய பிறகும் “வண்டி ஓடிடாது” என்று சொல்கிற ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். தன் குரலுக்கு ஊரே ஆடுவது அவருக்குத் தெரியுமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. “சிஐடி கிளம்பிட்டாங்க” என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதே வண்டி நின்றது; கண்டக்டர் வேறு ஆள்.

“அவரா? போன மழையில செத்துட்டாரும்மா. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சி. அவரு சம்சாரம் பெரிய மார்க்கெட்ல பூ விக்கிது.”

நல்ல சேதி சொல்ல வந்தவள் நான். திரும்பியிருக்கலாம். கால் என்னவோ மார்க்கெட்டுக்குத்தான் போனது.

விசாரித்து அவர் மனைவியின் பூக்கடையைக் கண்டுபிடித்தேன். எதிரே ஜூஸ் கடையில் அதே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. “அந்த எழவ நிறுத்துறியா இல்லியா?” என்று அந்த அம்மா கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. என் போனில் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காதோடு வைத்தேன். பூக்கட்டிய கை நின்றது.

“இன்னொருக்கா போடு.”

போட்டேன். மறுபடியும் போட்டேன்.

“வூட்ல போட்டோதான் கெடக்குது. கொரலு ஒண்ணுகூட இல்ல. எந்தப் போன்லயாவது மாட்டியிருக்கான்னு எத்தினி பேர்கிட்ட கேட்டேன் தெரியுமா? இங்க தெனம் கத்துது, நான் வெரட்டிக்கினு கெடக்குறேன்.” கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். கொஞ்சம் கழித்து என் கையைப் பிடித்தார். “அதுக்கப்புறம் என்னா சொல்லிச்சு? அந்த டமாரம் வந்து மூடிக்கிதே!”

அதே கேள்வி எனக்கும் தொற்றிக்கொண்டது. மகனை நச்சரித்து, பாட்டுப் போட்ட இருவருக்கும் இன்ஸ்டாகிராமில் எழுதவைத்தேன். எத்தனையோ பேர் எழுதுவார்கள், எங்கே பார்க்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பதில் வந்தது. பஸ்ஸில் அவரிடம் அனுமதி கேட்டுத்தான் பதிவு செய்தார்களாம். அவர் இறந்தது தெரியாதாம். வெட்டாத முழுப் பதிவையும் அனுப்பியிருந்தார்கள். நான் அதைத் திறக்கவில்லை. என் ஆர்வத்துக்கு அது பெரிய தண்டனைதான். ஆனாலும் முதலில் கேட்கவேண்டியது அந்த அம்மாதானே.

அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டோம். ஜூஸ் கடைக்காரர் தானாகவே பாட்டை நிறுத்தினார். காலாப்பட்டு வந்தது, விசில் வந்தது. மேளம் வரவில்லை. படியில் தொங்கிய யாரையோ உள்ளே வரச்சொல்லி ஒரு சத்தம். பிறகு போன் மணி.

“சொல்லும்மா... கடை கட்டிட்டியா? மீனு வாங்காத, நான் குருசுக்குப்பத்துல வாங்கியாரேன்.”

“எங்க வாங்கியாந்த?” என்று அந்த அம்மா போனைப் பார்த்துக் கேட்டார். “மறந்துட்டு வெறுங்கைய வீசிக்கினு வந்து நின்ன! ரசத்த ஊத்தி சோறு போட்டேன்!” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தப் பதிவை அவர் மகளின் போனுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். என் தலையில் அவரே ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டார்.

இப்போது அந்தப் பாட்டு பழசாகிவிட்டது. எப்போதாவது எங்காவது கேட்டால் அப்படியே நின்றுவிடுகிறேன். மேளம் விழுந்து எல்லோரும் துள்ளுகிற அந்த நொடியில், மீன் வாங்காதே, நான் வாங்கி வருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்குச் சொல்வது எனக்கும் அந்தப் பூக்காரம்மாவுக்கும் மட்டும் கேட்கிறது.