மனிதரால் ஆகாத கல்

மாமாவின் செல்போன், தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, நெல்லியாளம் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பியிருந்தார். எகிப்துப் பிரமிடு முதல் தஞ்சைப் பெரிய கோயில் வரை எல்லாமே வேற்றுக்கிரகவாசிகள் கட்டியவை என்று அந்தப் போனில் ஓடிய வீடியோவில் ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா ஒரு படி மேலே போய், மேட்டில் இருக்கும் எங்கள் மாரியம்மன் கோயில் வாசற்கல்லையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

“ஜீப்பே ஏறாத மேடு. இத்தாப்பெரிய கல்ல மனுசன் ஏத்தியிருப்பானா? எல்லாம் மேல இருந்து வந்தவங்க வேலை” என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் பிறப்பதற்கு முந்தியதெல்லாம் பழங்காலம்தான். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் மேட்டுக்கு ஓடி, கல்லைத் தடவிவிட்டு மூடுபனியை அண்ணாந்து பார்ப்பேன். நான் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து அவர்கள் வந்து போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலை வேறு.

ஆண்டு விழாப் பேச்சுப் போட்டியில் அந்தக் கல்லைப் பற்றியே பேசினேன். முதல் பரிசு வாங்க வேண்டும், அதை அம்மா பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அரை நாள் லீவு போட்டு அம்மாவும், அவளோடு கொழுந்து பறிக்கும் பெண்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். “மனிதர்களால் இதை அசைத்திருக்கவே முடியாது” என்று நான் கை நீட்டி முழங்கியதும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது.

பல வருடம் கழித்துப் பெரியம்மாதான் சொன்னார். மாமா திருப்பூரில் இருந்தபோது, நான் பிறப்பதற்கு முந்தின வருடம், ஓடையில் கிடந்த அந்தக் கல்லைக் கயிறு கட்டி எட்டு ஞாயிற்றுக்கிழமை இழுத்து மேட்டில் ஏற்றியவர்கள் அந்த முன்வரிசைப் பெண்கள்தான். முதல் கயிறு அம்மாவின் தோளில். விழா அன்று அம்மா அவரிடம், “பேசாம இருங்கக்கா, புள்ள பரிசு வாங்கட்டும்” என்றாளாம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விழா முடிந்த அந்தச் சாயங்காலம், வழக்கம்போல அம்மாவின் தோளில் கறுத்துத் தடித்திருந்த தழும்பின்மேல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக் கூடை சுமந்து வந்த தழும்பு என்றே நினைத்திருந்தேன்.

“நல்லா அழுத்தித் தேயி” என்றாள்.

அழுத்தித் தேய்த்துக்கொண்டே, வேற்றுக்கிரகவாசிகளுக்கும் தோள் இருக்குமா என்று அவளிடம் கேட்டேன்.