சோணையம்மாள் தரையிலிருந்து எழுந்தாள்

சோணையம்மாள் விழுந்தது ஆடி மாதம், காலை பத்து மணிக்கு. நான் போய்ப் பார்த்தது மாலை நாலரைக்கு. இடையில் ஆறரை மணி நேரம் கூடத்துத் தரையில் கிடந்திருக்கிறாள். எலும்பு எதுவும் முறியவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கண்டனூரில் அவள் வீடு சின்னது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள். கல்யாணம், திருவிழா என்றால்தான் பூட்டுத் திறப்பார்கள். அவள் கத்தியிருக்கிறாள். கேட்க ஆள் இல்லை. கொல்லைக் கதவு தாழிடாமல் இருந்ததால் நான் உள்ளே போக முடிந்தது.

“இந்தத் தரையில, ஆத்தங்குடிக் கல்லுல எத்தனை பூவுன்னு கேளுங்கக்கா, சொல்றேன்” என்றாள், நான் தூக்கி உட்கார வைத்ததும்.

“முதல்ல தண்ணியக் குடி.”

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. கணவர் அழகுசுந்தரம் பக்கவாதத்தில் ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தவர். நான் நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவள் என்பதால், அப்போது என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு மணிக்கொரு முறை அவரைத் திருப்பிப் போடவும், இடுப்பைக் கொடுக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கவும் சோணைக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஒன்பது வருடத்தில் அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவள் சொல்கிறேன், அது சாதாரணக் காரியம் அல்ல.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு சோணை உட்கார்ந்தாள். ஒருத்திக்கு எவ்வளவு சமையல், எவ்வளவு துணி? உட்கார்ந்த உடம்பு இரண்டே வருடத்தில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியாமல் போனது.

விழுந்த செய்தி கேட்டதும் சிங்கப்பூரிலிருந்து மகன் உதயகுமார் பேசினான். கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருப்பதாகவும், வீட்டை விற்றுவிடலாம் என்றும் சொன்னான்.

“நான் இங்கேயே இருந்துக்கிறேன்யா.”

“இருந்து? இன்னொரு தடவை விழுந்தா யாரும்மா தூக்குவா?”

“நானே எந்திரிச்சுக்குவேன்.”

“சரி. மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வர்றேன். தரையில படுத்து, எதையும் பிடிக்காம எந்திரிச்சுக் காட்டு. அப்பறம் வீட்டப் பத்திப் பேசல.”

ஏழு மாதம் கிடைத்தது. காரைக்குடியில் ஒரு மாடிக் கூடத்தில் தீபலட்சுமி என்ற பெண் பிலாட்டீஸ் வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டு, சோணையைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனேன். தரையில் பாய் விரித்துப் படுத்து, வயிறு, இடுப்பு, முதுகு இவற்றின் உள்தசைகளை மெதுவாகப் பலப்படுத்தும் பயிற்சி அது. தரையிலிருந்து எழ வேண்டியவளுக்குத் தரையில் செய்யும் பயிற்சிதானே சரி?

முதல் நாளே தகராறு. கண்ணாடி தெற்குச் சுவரில் இருந்தது. கால்மாட்டில் கண்ணாடி தெரியும்படி எல்லோரும் வடக்கே தலை வைத்துப் படுத்தார்கள். சோணை மட்டும் பாயைத் திருப்பிப் போட்டாள்.

“யக்கா, உங்க காலு என் மூஞ்சிக்கு நேரா இருக்கு” என்றாள் பக்கத்துப் பாயில் இருந்த ரேணுகா. வங்கியில் வேலை பார்ப்பவள்.

“வடக்க தலைவச்சுப் படுத்திருக்கிறது நீங்க. என் காலு என்ன செய்யும்?”

எல்லோரும் சிரித்தார்கள். தீபலட்சுமி விட்டுவிட்டாள். ஆனால் இடையிடையே ஓய்வு கொடுக்கும்போது மற்றவர்கள் படுத்தபடியே முகம் திருப்பிப் பேசிக்கொள்வார்கள். சோணைக்கு இரண்டு பக்கமும் கால்கள்தான். வகுப்பு முடிந்ததும் அவர்கள் ஸ்கூட்டரில் காபி குடிக்கப் போவார்கள். இவள் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பாள். “ரேணுகா குதிகால்ல வெடிப்பு. மருதாணி அரைச்சு வைக்கச் சொல்லணும்” என்று மூன்று மாதம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரேணுகாவிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பயிற்சியில் சோணையின் முகம் சிவந்து தொடை நடுங்கியது. தீபலட்சுமி அவள் விலாவில் கை வைத்தாள்.

“சோணையம்மா, மூச்ச விடுங்க. தூக்கும்போதுதான் விடணும்.”

“விட்டாத் தூக்க முடியாதும்மா.”

“பிடிச்சு வச்சிருக்கிறதாலதான் முடியல.”

அன்று பேருந்தில் திரும்பும்போது சோணை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். “அவுகளத் திருப்பும்போது மூச்சப் பிடிச்சுக்குவேன்க்கா. நான் மூச்சு வாங்குனா அவுகளுக்கு மூச்சு வருதா இல்லையான்னு கேக்காது.”

ஒன்பது வருடம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. முழங்காலை மடக்கச் சொல்லிக்கொடுத்த நான் இதைக் கவனிக்கவில்லை. அது என் தவறு.

பழக்கம் போக இரண்டு மாதம் ஆனது. அதன்பின் உடம்பு கொடுக்கத் தொடங்கியது. கார்த்திகையில் ஒருக்களித்துப் புரண்டு முழங்காலில் நின்றாள். மார்கழியில் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். தையில் நாற்காலியைத் தள்ளி வைத்தாள். குடம் தூக்கினாள், மாடிப்படி ஏறினாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் என்னிடம் போன் போட்டுச் சொல்வாள்.

மகன் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், அவன் படுக்க மாடி அறையிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையைக் கீழே கொண்டுவந்தோம். தலைப்பக்கம் நான், கால்பக்கம் அவள். தட்டி, வெயிலில் போட்டு, புதுப் போர்வை விரித்தாள். அன்று மாலையே அவன் வீடியோவில் கூப்பிட்டான்.

“பெரியம்மாவும் இருக்கீகளா? நல்லதாப் போச்சு. இப்பவே காட்டச் சொல்லுங்க. இல்லத்துக்காரங்க பதில் கேக்குறாங்க.”

“நேர்ல வந்து பாருய்யா” என்றாள் சோணை.

“இப்பக் காட்டும்மா.”

நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அவள் சேலையை இழுத்துச் செருகி, விழுந்த அதே இடத்தில், கிழக்கே தலை வைத்துப் படுத்தாள். புரண்டாள். முழங்காலுக்கு வந்தாள். ஒரு காலை முன்னால் ஊன்றினாள். அங்கே நின்றுவிட்டாள். தொடை நடுங்கியது. கன்னம் உப்பியிருந்தது. கை கொடுக்கும் தூரத்தில்தான் இருந்தேன். கொடுக்கவில்லை.

“சோணை, மூச்சு” என்றேன்.

விட்டாள். எழுந்து நின்றாள்.

உதயகுமார் கைதட்டினான். “யம்மா, கலக்கிட்டே! தேவிகா, இங்க வந்து பாரு!” மருமகளும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவன் குரலில் இருந்த பாரம் இறங்கியது எனக்கே கேட்டது. “இல்லத்துக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிர்றேன். இனி அந்தப் பேச்சே இல்ல.”

“சரிய்யா. சிவராத்திரிக்கு முதநாளே வந்துருவீகல்ல?”

“அதான் பாத்துட்டேனேம்மா. இங்கயும் லீவு கஷ்டமா இருக்கு. டிக்கெட்டக் கேன்சல் பண்ணிர்றேன். குலசாமிக்கு நீயே ஒரு தேங்கா ஒடச்சிரு.”

“ஒடைக்கிறேன்யா” என்றாள்.

போன் அணைந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, வீடு அவளுக்குத்தான். அவள் புதுப் போர்வையை உதறி நான்காக மடித்தாள். மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டினாள்.

“இரு, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.”

“நீங்க உக்காருங்கக்கா. விழுந்து வைக்காதீக.”

முழங்காலை மடக்கி மெத்தையைத் தோளில் ஏற்றினாள். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் அவள் மூச்சை விடுவது கீழே கூடம் வரை சத்தமாகக் கேட்டது.