அண்ணனின் விளையாட்டுச் செலவு

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தும்போதே வீட்டுக்குள்ளிருந்து லாரியின் ஏர் ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். வண்டியை விற்று அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே போனால், அண்ணன் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை, அதன்மேல் செல்போன். இரண்டு கட்டைவிரல்களாலும் திரையை அழுத்தி ஒரு லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். லாரியின் நெற்றியில் அண்ணியின் பெயர் பச்சை எழுத்தில் இருந்தது. விற்ற வண்டியிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். "கோட்டயத்துப் பக்கம் ஒருத்தன் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தான். ஹாரனும் அவன்தான்," என்றார். போனுக்குள் ஓடும் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் இருக்கிறது, அதற்குக் கூலியும் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. "எவ்வளவாச்சுங்ணா?" என்று கேட்டேன். "வாத்தியாரம்மா அதையத்தான் மொதல்ல கேக்கும்னு தெரியும்," என்று பள்ளிக்கூட ஆசிரியையான என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கள் வீடு கஞ்சிக்கோட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் வழியில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. அப்பா விவசாயி. அண்ணனுக்கு மண் வெட்டப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, கடைசியில் சொந்த வண்டி வாங்கினார். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் இரும்புக் கம்பி ஏற்றிக் குமுளியில் இறக்குவார். அங்கிருந்து மலையிறங்கிக் கம்பத்துக்குப் போய், திராட்சையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். அவர் வீட்டுக்கு வந்தால் தின்பண்டப் பொட்டலத்தைவிட ஊர்க்கதைகள்தான் அதிகம் வரும். அப்படி ஒருமுறை குமுளி மலை இறங்கும்போது அவருடைய இடது கால் கிளட்சை மிதிக்கவில்லை. மிதிக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், கால் அசையவில்லை. எப்படியோ வண்டியை மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டு அண்ணிக்குப் போன் செய்தார். "ஒண்ணுமில்ல புள்ள, கால் சொன்ன பேச்சுக் கேக்கல," என்றாராம்.

கோயமுத்தூரில் பெரிய டாக்டர் ஒருவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். அண்ணனுக்குக் காலில் தொடங்கியிருக்கிறது. அடுத்து கை, பிறகு பேச்சு, பிறகு மூச்சு. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், திருப்ப முடியாது. அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்பா, வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார்கள் என்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய வாரமே அப்பா எண்ணெய் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். முதலில் ஒரு வைத்தியசாலை, அங்கே பலனில்லை என்று இன்னொன்று. எண்ணெய் பிழிந்து ஊற்றும் பிழிச்சல், மூலிகை மூட்டையால் ஒற்றும் கிழி, கஷாயம் என்று மாதக்கணக்கில் தங்கினார்கள். லாரி விற்ற பணம் அதில் போனது. தோப்பின் மேற்கு மூலையும் போனது. அதெல்லாம் எவ்வளவு என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்பதே பாவம் என்பதுபோல் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. அண்ணி கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கினார். பகல் முழுவதும் அண்ணன் தனியாகக் கட்டிலில் கிடந்தார். அந்தப் பகல்களில்தான் போனில் லாரி ஓட்டப் பழகினார். விளையாட்டு இலவசம்தான். ஆனால் நல்ல வண்டி வேண்டுமென்றால் காசு, நம் ஊர் ரோடு வேண்டுமென்றால் காசு, ஹாரனுக்குத் தனிக் காசு. குமுளி மலைப்பாதையை அப்படியே வரைந்து ஒருவன் விற்கிறான் என்று தெரிந்ததும் அண்ணன் அதையும் வாங்கினார்.

அப்பாவுக்கு இது தெரிந்த மத்தியானம் நானும் வீட்டில் இருந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்பா அண்ணியிடம் கேட்டார்: "பொம்ம வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கக் காசா? அடுத்த மாசம் எண்ணைக்கு எங்க போறது?" உள்ளறையிலிருந்து அண்ணன்தான் பேசினார். கோபமாகவும் பேசவில்லை. "அப்பா, அந்த எண்ணை உங்க மனசு ஆற. எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்லீங். இது என்ற மனசு ஆற. ரெண்டுல எதுக்குச் செலவு கம்மின்னு நீங்களே பாருங்." அப்பா எழுந்து மோட்டார் ரூமுக்குப் போனார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கவில்லை, ஆனால் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். வைத்தியசாலைக்குப் போவது அத்துடன் நின்றது. அண்ணன் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அப்பா அவர் அறைக்குள் போவதைக் குறைத்துக்கொண்டதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

ஜெயித்த அண்ணனும் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தானே ஒரு அளவு போட்டுக்கொண்டார். மாதம் ஐந்நூறு ரூபாய். அதற்கு அவர் சொன்ன கணக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ரோட்டுல இருந்தப்ப டீ, சிகரெட்டு, பொரோட்டான்னு மாசம் எவ்வளவோ போயிருக்கும். ஆரும் கேக்கல. இப்ப அதெல்லாம் இல்ல. அதுல கால்வாசிய இதுக்கு வெச்சுக்கறேன். அது நாயம்தான அம்மிணி?" நியாயம்தான் என்றேன். பஞ்சாயத்திலிருந்து வரும் பென்ஷனில் அந்த ஐந்நூறை எடுத்துக்கொண்டு மீதியை அண்ணியிடம் கொடுத்துவிடுவார். ஒரு மாதம் வாங்க ஒன்றுமில்லையென்றால் அந்தக் காசை அடுத்த மாதத்தோடு சேர்க்க மாட்டார், அதுவும் வீட்டுக்குத்தான். சம்பாதிக்கும் காலத்தில் இத்தனை கறாராக இருந்தவர் இல்லை. மனைவி பெட்டிகளில் டேப் ஒட்டிக் கொண்டுவரும் காசில் விளையாடுகிறோம் என்ற கூச்சம் அவரை அப்படி ஆக்கியிருந்தது.

பிறகுதான் அந்த ஸ்டியரிங் வந்தது. வந்தது என்றால் வீட்டுக்கு இல்லை, அவர் பார்த்த ஒரு வீடியோவில். கோயமுத்தூரில் ஒரு கடை. மேசையில் பொருத்திக்கொள்ளும் ஸ்டியரிங், பக்கத்தில் கியர், எதிரே பெரிய திரை, எல்லாவற்றையும் ஓட்ட ஒரு கம்ப்யூட்டர். வளைவில் திருப்பினால் கைக்குப் பாரம் தெரியுமாம். கால் வேண்டாம், பிரேக்கையும் கையிலேயே வைத்துத் தருவார்களாம். நான் போகும்போதெல்லாம் அந்த வீடியோவைக் காட்டினார். விலை அண்ணியின் பல மாதச் சம்பளம். அண்ணி தயங்கவில்லை. சீட்டுப் பணம் வருகிறது, வாங்கிவிடலாம் என்றார். அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "போர்ல தண்ணி கீழ போயிருச்சு. தென்ன காயுது. மொதல்ல அதப் பாருங்க. இது எங்கயும் ஓடிப் போகாது."

அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் அவரை மெச்சினோம். இப்படிப் படுத்த நிலையிலும் என்ன பொறுப்பு என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நெடுநாள் கழித்து அவர் அண்ணன் அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் அப்போதுதான். ஒரு பொருளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று பேசும்போது கையில் இருக்கும் பணத்தைப் பார்க்கிறோம், வேறு என்னென்ன செலவு காத்திருக்கிறது என்று பார்க்கிறோம். அதை வைத்திருந்து ஆள எவ்வளவு காலம் மிச்சம் என்று பார்ப்பதில்லை. டாக்டர் சொன்ன வரிசை எங்கள் எல்லோருக்கும் தெரியும். காலுக்கு அடுத்தது கை. அண்ணனுக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தே வேண்டாம் என்றாரா, இல்லை, நாங்கள் அவர் பேச்சை மீறி வாங்கிவிடுவோம் என்று எதிர்பார்த்துச் சொன்னாரா? இதை அவரிடம் கேட்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். கேட்டு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

சீட்டுப் பணத்தில் புதிதாகப் போர் போட்டும் தண்ணீர் வரவில்லை. இன்னொரு இடத்தில் ஆழமாகப் போட வேண்டியிருந்தது. அந்தக் கோடை அதிலேயே கழிந்தது. மழை பிடித்தபோது அண்ணனின் கட்டைவிரல்கள் மெலிந்திருந்தன. பிறகு பலகையிலிருந்து போன் நழுவி விழத் தொடங்கியது. "வண்டி ஒருபக்கமா இழுக்குது," என்று விளையாட்டின்மேல் பழி போட்டார். அந்த மாதம் ஐந்நூறு ரூபாயையும் அப்படியே அண்ணியிடம் கொடுத்தார். அடுத்த மாதமும் கொடுத்தார்.

அண்ணி யாரிடமும் கேட்காமல் காதிலிருந்த தோடுகளைக் கழற்றிக் கொடுத்து அந்த ஸ்டியரிங் செட்டை வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர்களே வந்து கட்டிலுக்கு எதிரே மேசை போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். அண்ணி அண்ணனின் கைகளை எடுத்து ஸ்டியரிங்மேல் வைத்தார். அவை சரிந்து மடியில் விழுந்தன. மறுபடி எடுத்து வைத்து, பழைய துண்டைக் கிழித்து மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினார். கையின் கனத்துக்கு ஸ்டியரிங் இடது பக்கமே திரும்பியது. லாரி ரோட்டை விட்டிறங்கி ஒரு மரத்தில் முட்டி நின்றது. அண்ணன் சிரித்தார். மறுபடி கிளப்பினார்கள், மறுபடி முட்டியது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அதன்பின் சில நாட்கள் அண்ணி ஓட்டினார். ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாதவர், வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு லாரி ஓட்ட உட்காருவார். அண்ணன் கட்டிலிலிருந்து வழி சொல்வார். அதற்குள் பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. "கியர எறக்கு, எறக்கு," என்று அவர் சொல்வது அண்ணிக்குப் புரிவதற்குள் வளைவு வந்துவிடும். ஒரு சனிக்கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன். வண்டி குமுளி இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அண்ணி நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். "போதும் புள்ள. நிறுத்திரு," என்றார் அண்ணன். களைப்பு என்று நினைத்து அண்ணி நிறுத்தினார். மறுநாள் கேட்டபோதும் வேண்டாம் என்றார். பிறகு அண்ணியும் கேட்பதை விட்டுவிட்டார். தூசி படியாமல் ஸ்டியரிங்மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்திருக்கிறார்.

இப்போது அண்ணனால் பேச முடியாது. மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி கொடுக்கிறார்கள். நாம் கேட்பதற்கு ஆம் என்றால் கண்களை மேலே தூக்குவார், இல்லை என்றால் மூடிக்கொள்வார். போன மாதம் நான் கிளம்பும்போது அப்பா ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கைய அசைக்காம ஆடற மாதிரி ஏதாச்சும் வந்திருக்குதான்னு விசாரி அம்மிணி. எவ்வளவுன்னாலும் பரவால்ல." இரண்டாம் முறையும் சொன்னார், எவ்வளவுன்னாலும்.

விசாரித்தேன். இருக்கிறது. திரைக்குக் கீழே பொருத்தும் ஒரு கருவி, கண் போகும் திசையைப் பார்த்து வேலை செய்யுமாம். வரவழைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னார். அடுத்த ஞாயிறு அண்ணன் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பழையபடி அண்ணி பெயரை எழுதிய வண்டியே வைத்துக்கொள்ளலாம், கண்ணாலேயே திருப்பலாம், வாங்கலாமா அண்ணா என்றேன். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். தூக்கமாக இருக்கும் என்று காத்திருந்தேன். திறந்தார். மறுபடி கேட்டேன். மறுபடி மூடிக்கொண்டார்.

வெளியே வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன சொன்னான்?"

"யோசிச்சுச் சொல்றேன்னாருங்கப்பா."

அப்பாவின் முகம் தெளிந்தது. "செரி, செரி. மெதுவா யோசிக்கட்டும். அதுக்குள்ள நான் பணத்துக்கு ஒரு வழி பண்ணிர்றேன்," என்று சொல்லிவிட்டு, நிலத் தரகரைப் பார்க்கச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.