மெசினோடு நடக்க ஒரு வயல்

மருமகன் வாங்கி இரண்டொரு தடவை பாவித்துவிட்டு தங்கள் வீட்டு நிலவறையில் போட்டுவைத்த மெசின் அது. நிலத்துக்குள் உலோகம் கிடந்தால் கத்தும். நீளமான தடி, அடியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வளையம், சத்தத்தைக் கேட்கக் காதில் மாட்டுகிற சாமான் ஒன்று. அங்கே வைத்திருந்த என் குளிர்காலச் சப்பாத்தை எடுக்க இறங்கிய இடத்தில் அதைக் கண்டு, இது என்ன என்று கேட்டேன்.

"மாமி, வேணுமெண்டால் கொண்டுபோங்கோ. எனக்கு சைக்கிள் வைக்க இடம் வரும்" என்றார்.

முழங்காலுக்கு நடை நல்லது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஜெர்மனியில் எசன் நகரத்தில் நாங்கள் இருக்கும் பக்கம் நடப்பதற்கு நல்ல இடம்தான். ஆனால் நடந்தால் ஆக்கள் வணக்கம் சொல்வார்கள். நாயோடு வருகிறவர்கள் நின்று கதைப்பார்கள். மழையைப் பற்றித்தான் கதைப்பார்கள், என்றாலும் அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பதில் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போடும்போதுதான் வரும். காதை மூடிக்கொண்டு, மெசினை இடமும் வலமும் ஆட்டியபடி போனால் ஒருவரும் மறிப்பதில்லை. நாய்களும் விலகிப் போயின.

மேல்வீட்டுப் பிள்ளை ஒருநாள் படிக்கட்டில் பிடித்துவிட்டாள்.

"அக்கா, புதையல் எடுத்தால் எங்களை மறந்திடாதேங்கோ. எனக்கு ரெண்டு காப்புக் காணும்."

"சோடா மூடிதான் வருது."

"அப்ப மூடியிலயே ஒரு சோடி அடிச்சுத் தாங்கோ."

உண்மையில் மூடிதான் வந்தது. பூங்காவில் மூடி, ஆணி, விளையாட்டுக் காரின் சில்லு, ஒரு கரண்டி. கரண்டியைக் கழுவி வைத்திருக்கிறேன், நல்ல கரண்டி.

ஒருநாள் அதே பூங்காவில் செம்மஞ்சள் உடுப்புப் போட்ட நகரசபை வேலையாள் என் முன்னால் வந்து நின்றார். அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் தலையாட்டலை அவர் ஓம் என்று எடுத்தாரோ இல்லை என்று எடுத்தாரோ தெரியாது, திரும்பவும் கேட்டார். காதில் மாட்டியதைக் கழற்றி, இல்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. பூங்கா நகரசபையின் காணி, புல்லில் கிடங்கு கிண்டுவதற்கு நகரசபை ஓம் சொல்ல வேண்டும், பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் அப்படித்தான் என்றார். என் சின்ன மண்வெட்டியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள் என்றார்.

பிறகு காட்டுப் பக்கம் போனேன். அங்கே காட்டைப் பார்க்கிற அதிகாரி மறித்தார். அதற்குப் பிறகு ஆற்றங்கரைப் புல்வெளி. அங்கே ஒருவரும் மறிக்கவில்லை, ஆனால் எனக்கே பயம் வந்துவிட்டது. ஒவ்வொரு சைக்கிள்காரரும் என்னைப் பிடிக்க வருகிறார் போலவே இருந்தது. மகளிடம் கேட்டேன்.

மகள் கணினியில் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் இறுகியது.

"அம்மா, இது விளையாட்டு அலுவல் இல்லை. நினைச்ச இடத்தில மெசின் பிடிக்க ஏலாது. காணிக்காரர் ஓம் சொல்ல வேணும். அதுக்கு மேல, பழைய சின்னங்களைப் பாக்கிற கந்தோருக்கு அனுமதி கேட்டு அன்ட்ராக் போட வேணும். அவை வரைபடத்தில ஒரு துண்டைக் கீறித் தருவினம். அதுக்குள்ளதான் நிக்கலாம்."

"அப்ப போடுவம்."

"என்னத்தைப் போடுறது? விசரே உங்களுக்கு? இந்த ஊருக்குக் கீழ இன்னும் குண்டு கிடக்குது."

அது உண்மை. பழைய பெரிய யுத்தத்தில் இந்த நகரத்தின் மேல் அவ்வளவு குண்டு விழுந்திருக்கிறது. கட்டடம் கட்டக் கிண்டினால் வரும், குழாய் போடக் கிண்டினாலும் வரும். ஒருமுறை மகள் வேலை செய்யும் தெருவில் ஒன்று வந்து, அதைச் செயலிழக்கச் செய்யும்வரை எல்லாரையும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருத்திவைத்தார்கள். மற்றவர்கள் சூப் குடித்துக்கொண்டு சீட்டு விளையாடினார்களாம். மகள் அன்றிரவு என் வீட்டில் வந்து படுத்தாள்.

அவளுக்கு ஒன்பது வயதில், இலங்கையில் எங்கள் ஊரில், பக்கத்து வளவில் மாடு ஒன்று கண்ணிவெடியில் போனது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

ஆனாலும் மெசினை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கு அப்பால் நகரசபைக்குச் சொந்தமான வயல் ஒன்று இருக்கிறது. ஒரு கமக்காரர் அதைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போடுகிறார். நான் அங்கே போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். சனநடமாட்டம் இல்லை. எனக்கு அந்த வயல் வேண்டும் போலிருந்தது. நகரசபைக்கும் கமக்காரருக்கும் மருமகன் எழுதிக் கேட்டார். இரண்டு பக்கமும் ஓம் என்றார்கள், கமக்காரர் அறுவடைக்குப் பிறகு மட்டும் என்றார். மிச்சம் அந்தக் கந்தோர்தான். வரச்சொல்லி நாளும் நேரமும் குறித்து டேர்மின் கிடைத்தது. மொழிபெயர்க்க மகள்தான் வந்தாள், எங்கள் வீட்டில் எந்தக் கந்தோருக்கும் அவள்தான் வருவாள். சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அப்படி.

அலுவலர் தாடி வைத்த பெரிய மனிதர். மேசையில் வரைபடம் விரித்திருந்தது. என்னிடம் முதலில் கேட்டது, என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று.

மகள் தமிழில் சொன்னாள். நான், "ஒண்டும் இல்லை, நடக்கத்தான்" என்றேன்.

மகள் அவர் பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னது வேறு. அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது, யாரோ கொடுத்த மெசினை வைத்துக்கொண்டு திரிகிறா, நீங்கள் மறுத்தால் கேட்பா, நான் சொன்னால் கேட்கமாட்டா என்றாள்.

நான் பல வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தவள். நாள் முழுக்க ஜெர்மன் காதில் விழும். பேசத்தான் நா எழும்பாது, கேட்டது எல்லாம் விளங்கும். அதை மகள் மறந்துவிட்டாளோ, இல்லை நான் விளங்காத மாதிரியே இவ்வளவு காலமும் இருந்துவிட்டேனோ.

அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உங்களுக்கு என்ன பயம் என்று அவளிடமே கேட்டார்.

"குண்டு" என்றாள் மகள். "அதைக் கண்டால் பொலிசுக்கு எடுக்க வேண்டும். அம்மா டெலிபோன் எடுக்கமாட்டா. பல் வைத்தியருக்கே நான்தான் எடுக்கிறேன். வயல் நடுவில் அப்படியே நிற்பா."

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் ஜெர்மனில் யாருக்கும் டெலிபோன் எடுத்ததில்லை. வயல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அலுவலர் தாடியைத் தடவினார். இதில் மகள் சொல்வது சரி, டெலிபோன் எடுக்கத் தெரியாத ஆளுக்குத் தன்னால் கையெழுத்து வைக்க முடியாது என்றார். பிறகு ஒரு துண்டில் இலக்கம் எழுதி என் பக்கம் தள்ளினார்.

மகள் தமிழில் சொன்னாள். அவள் குரலில் நம்பிக்கையீனம் இருந்தது. "அம்மா, வெளியில போய் அவருக்கு எடுக்கட்டாம். வயலில பெரிய சாமான் ஒண்டு சத்தம் போட்டிட்டுது எண்டு வைச்சுக்கொண்டு கதைக்கட்டாம்."

"வெளியில எண்டால் எங்க?"

"இந்தக் கதவுக்கு வெளியில."

"கதவுக்கு வெளியில எண்டால் கூப்பிட்டாலே கேக்குமே."

"அம்மா!"

போனேன். வெளியே நடைவழியில் ஒரு கொப்பி எடுக்கிற மெசின் நின்றது. அதற்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று இலக்கத்தை அழுத்தினேன். உள்ளே மணி அடிப்பது கதவு வழியாகக் கேட்டது. அவர் எடுத்து, பொலிஸ் என்றார். வைத்துவிடலாம் என்றுதான் பெருவிரல் போனது. வைத்தால் வயல் இல்லை.

என் பெயரைச் சொன்னேன். வயலில் நிற்கிறேன், இரும்பு, பெரிய சத்தம், ஆழத்தில் இருக்கிறது என்றேன். வசனம் இல்லை, சொல்லுச் சொல்லாகத்தான் வந்தது.

எந்த வயல் என்று கேட்டார்.

வயலுக்குப் பெயர் தெரியாது. பஸ் கடைசியாக நிற்கிற இடம், பெற்றோல் நிலையம், குதிரை வளர்க்கிற வீடு, அதற்கு இடப்பக்கம் சோளம் என்றேன். போய்ப் பார்த்திருந்தபடியால் அது நேராக வந்தது.

கிண்டினீர்களா?

இல்லை.

தொட்டீர்களா?

இல்லை.

இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

"உங்களுடைய கொப்பி மெசினுக்குப் பக்கத்தில்" என்றேன்.

கதவுக்கு உள்ளேயும் டெலிபோனிலும் ஒரே நேரத்தில் சிரிப்புக் கேட்டது. எனக்குக் காது சுட்டது. அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, இல்லை, வயலில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

வந்த காலடியிலேயே கால் வைத்துத் திரும்பிவிட்டேன், தார் றோட்டில் நிற்கிறேன், வேறு ஒருவரையும் உள்ளே போக விடவில்லை என்றேன்.

அவர், அது சரி, உள்ளே வாருங்கள் என்றார்.

மகள் கைப்பையை மடியில் வைத்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெலிபோனை அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்திருக்கிறார். எங்கே படித்தீர்கள் இதை என்று என்னிடம் கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். அவள், "எங்கட ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்" என்று ஜெர்மனில் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். ஆற்றங்கரைப் பக்கம் போகவே கூடாது, அங்கே கீழே பழைய குடியிருப்பு இருக்கிறது என்றார். சோள வயலில் பேனையால் ஒரு கோடு கீறினார், அதற்குள் மட்டும். அறுத்த பிறகு, அடுத்த விதைப்புக்கு முன்னர். கலப்பை போகிற ஆழத்துக்குக் கீழே கிண்டக் கூடாது. பழைய சாமான் எது வந்தாலும் எந்த இடத்தில் வந்தது என்று குறித்து, தனித்தனிப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். அந்த வயலில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றும் சொன்னார். ஒன்றும் இல்லை என்றாலும் வந்து சொல்லுங்கள், அதையும் நாங்கள் எழுதி வைப்போம் என்றார்.

ட்ராமில் மகள் எனக்கு எதிரே இருந்தாள். இரண்டு தரிப்பிடம் தாண்டியது. பிறகு தொடங்கினாள்.

"எட்டாம் வகுப்பில ஒருநாள் எனக்குச் சோதனை. அண்டைக்கும் உங்கட பல்லுக்கு நான்தான் எடுத்தனான்."

"ஓம்."

"வீட்டுக்காரனுக்கு, கரண்டுக்காரனுக்கு, எல்லாருக்கும் நான். உங்களுக்கு ஏலும் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை."

"எனக்கும் தெரியாது, பிள்ளை. இண்டைக்குத்தான் எடுத்தனான்."

அவள் என்னை நம்பவில்லை. அது உண்மை என்று இன்னும் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மனிசி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு இடம் போய் இருந்தா.

இறங்கும்போது மகள் சொன்னாள்: "போங்கோ. ஆனால் வயலுக்குள்ள இறங்க முன்னம் எனக்கு எடுக்க வேணும், ஏறினாப் பிறகும் எடுக்க வேணும். செய்தி எழுதுறதில்லை. குரல் கேக்க வேணும்."

"வேலை நேரத்தில எடுத்தால் உன்ர ஆக்கள் ஏசமாட்டினமே?"

"ஏசட்டும். நான் சொல்லுறன், அம்மா வயலில நிக்கிறா எண்டு."

சோளம் அறுத்த கிழமையே அனுமதி வந்தது. இப்போது மழை இல்லாத நாட்களில் போகிறேன். வேலியடியில் நின்று மகளுக்கு எடுக்கிறேன். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிடுவாள். நான் இறங்குகிறேன் என்பேன், அவள் ஓம் என்பாள், பிறகும் வைக்கமாட்டாள். பின்னால் அவளுடைய கந்தோரின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நான்தான் முதலில் வைப்பேன்.